எட்டு விரல்காரனும் பத்து வரிப் பட்டியலும்

அவனை எல்லோரும் எட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்ததோடு சரி. இரண்டு கையிலும் சேர்த்து மிச்சம் இருந்த விரல்கள் எட்டு, அதனால் எட்டு. அந்தப் பெயரை வைத்தவன் வேறு யாரும் இல்லை, விரல் போனதற்குக் காரணமான ஃபோர்மேனேதான். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு திரும்பிய முதல் நாள், தொழிற்சாலை வாசலில் இருபது பேர் நிற்கும்போது, "வாடா எட்டு! இனிமே பத்து வரைக்கும் எண்ணணும்னா பக்கத்து ஆள் கையைக் கடன் வாங்கிக்க" என்றான். இருபது பேரும் சிரித்தார்கள். ஃபோர்மேன் சொல்லும் ஜோக்குக்குச் சிரிக்காதவனுக்கு நல்ல ஷிப்ட் விழாது. எட்டும் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஐந்து வருஷமாக அவன் தொண்டையிலேயே நின்றது.

அது கதவுக் கீல் செய்கிற தொழிற்சாலை. எட்டு அங்கே ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் பதினோரு வருஷம் நின்றவன். பிரஸ் ஓட்டத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். தகட்டை அச்சுக்கு அடியில் வைத்துவிட்டு, இடது கையால் ஒரு பட்டன், வலது கையால் ஒரு பட்டன், இரண்டையும் ஒரே நொடியில் அமுக்கினால்தான் மேலே இருக்கிற இரும்பு இறங்கும். ஒரு கையை எடுத்தால் இறங்காது. இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்கு அடியில் எந்தக் கையும் இருக்காது, அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் இது கொஞ்சம் மெதுவான வேலை. அவசர ஆர்டர் வந்த ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் வெளியே போயிருந்தபோது வலது பட்டனை யாரோ அமுக்கி, சிவப்பு சைக்கிள் ட்யூப் துண்டால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். எட்டு திரும்பி வந்தபோது ஃபோர்மேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"வலது கையால தகட்டைத் தள்ளு, இடது கையால அமுக்கு. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"சார், பட்டனைக் கட்டினா..."

"நீ என்ன இஞ்சினியரா? அமுக்குடா."

சாயங்காலம் வரை போகவில்லை. நாற்பது நிமிஷத்தில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் போய்விட்டன.

விசாரணையில் ஃபோர்மேன் வாய் கூசாமல் சொன்னான்: "நான் அந்தப் பக்கமே போகலைங்க. சீக்கிரம் வீட்டுக்குப் போற அவசரத்துல இவனே கட்டியிருக்கான். சைக்கிள்ல வர்றவன் இவன்தானே, ட்யூப் வேற யார்கிட்ட இருக்கும்?" பார்த்த சாட்சி கிடையாது. 'தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு' என்று ஒரு காகிதம் தயாரானது. எட்டு அதில் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான். போடாவிட்டால் வேலை இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவன் பொண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள்.

"விரலையும் குடுத்துட்டு, தப்பு என்னோடதுன்னு எழுதியும் குடுத்துட்டு வந்தீங்களா? அவன் ஷூவைத் துடைச்சு விட்டீங்களா, இல்ல அது நாளைக்கா?"

அது நாளைக்குத்தான் வந்தது. அவனை ஸ்கிராப் வண்டி தள்ளப் போட்டார்கள். புதிதாக ஆள் சேரும்போதெல்லாம் ஃபோர்மேன் அவர்களை ஏழாம் நம்பர் பிரஸ்ஸுக்குக் கூட்டி வந்து, வண்டியோடு போகிறவனை நிறுத்துவான். "எட்டு, கையைக் காட்டு." எட்டு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். "பார்த்துக்கங்க. புத்தியைக் கடன் குடுத்துட்டு மெஷினைத் தொட்டா இதுதான் கதி. சரி, போ." ஐந்து வருஷத்தில் இப்படி எத்தனை பேருக்குக் கையைக் காட்டினான் என்று அவனுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவன் மனசுக்குள் ஒரே ஒரு ஆசைதான். இதே இடத்தில், இதே மாதிரிப் புது ஆட்களுக்கு முன்னால், 'கட்டினது நான்தான்' என்று இவன் வாயால் இவனே சொல்ல வேண்டும். அதற்கு எத்தனை நாள் ஆனாலும் சரி. அவன் சாமி கும்பிடும்போதுகூட இதைத்தான் கேட்டான். பிள்ளைகுட்டி சௌக்கியம் எல்லாம் அடுத்த வரிசையில்தான்.

தொழிற்சாலை வாசலுக்கு எதிரே ஒரு கேம் கடை. சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே நான்கு மெஷின்கள். நடத்துகிறவள் கனத்த சரீரமும் அதைவிடக் கனத்த குரலும் உள்ள ஒரு பெண்மணி. எல்லோருக்கும் அக்கா. அங்கே ஒரு மெஷினில் பட்டனே கிடையாது, இரண்டு லிவர் மட்டும். இடது லிவரைத் தள்ளினால் திரையில் இருக்கிற ஆள் ஓடுவான். வலது லிவரை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் சுடுவான். நான்கு சுவருக்குள்ளே தன்னந்தனி ஆள், நான்கு பக்கமும் கூட்டம் கூட்டமாக எதிரிகள். மேலே ஓடிக்கொண்டே கீழே சுடலாம், பயந்து பின்வாங்கிக்கொண்டே முன்னால் சுடலாம். ஓடுகிற கைக்கும் சுடுகிற கைக்கும் பேச்சுவார்த்தை இருக்கக் கூடாது. அதுதான் அந்த ஆட்டத்தின் ரகசியம்.

இங்கேதான் பிரஸ் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் மண்ணைக் கவ்வினார்கள். வருஷக்கணக்காக இரண்டு கையையும் ஒரே நொடியில், ஒரே பக்கம் அமுக்கிப் பழகிய உடம்பு. இடது கை மேலே போனால் வலது கையும் கூடவே மேலே போகும். எதிரியைப் பார்த்துச் சுட்டால் எதிரி மேலேயே போய் விழுவார்கள். ஒரு நிமிஷம் தாண்டினவன் கிடையாது. ஃபோர்மேன் பிரஸ்ஸில் நின்றவன் இல்லை. அளவு பார்க்கிற பிரிவிலிருந்து வந்தவன். சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த மெஷினில்தான் இருப்பான். "பிரஸ் கைடா உங்களுக்கு! கழுதைக்கு ரெண்டு காதும் ஒண்ணா ஆடுற மாதிரி!" என்று சிரிப்பான். மெஷினின் பட்டியலில் பத்து வரி. பத்திலும் அவனுடைய மூன்று எழுத்துகள். கரண்ட் போனாலும் அழியாது, உள்ளே பேட்டரி இருக்கிறது என்பாள் அக்கா. தன் பிள்ளை பரீட்சையில் எத்தனாவது என்று அவனுக்குத் தெரியாது. இந்தப் பட்டியல் வரிக்கு வரி மனப்பாடம்.

எட்டுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், சாப்பாட்டு நேரத்தில் ஃபோர்மேனுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையும் அவனுக்குத்தான். கிளாஸைப் பிடித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகுதான் குடிப்பான்.

அப்படி நின்ற ஒரு நாள் அதைப் பார்த்தான். ஃபோர்மேன் ரொம்ப தூரம் போயிருந்தான், வலது கை மரத்துவிட்டது போல. சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு ட்யூப் துண்டை எடுத்தான். சுடுகிற லிவரை வலது பக்கம் இழுத்து, ட்யூப்பை இரண்டு சுற்று சுற்றி, பலகை ஓரத்து ஸ்குரூவில் மாட்டி, உள்பக்கமாக ஒரு அரைத் திருகு திருகி, வாலை இடது பக்கம் சொருகினான். இப்போது மெஷின் தானாக வலது பக்கம் சுட்டுக்கொண்டே இருந்தது. அவன் இடது சுவரோரமாக மேலும் கீழும் ஓடிக்கொண்டு, ஓய்ந்த கையை உதறிக்கொண்டான்.

அரைத் திருகு, இடது பக்கம் சொருகின வால். விரல் போவதற்கு முன் நாற்பது நிமிஷம் அவன் கண்ணெதிரே இருந்த அதே கட்டு. டீ கிளாஸ் கையில் ஆடியது.

"என்னடா ஆட்டம்? மீதி எட்டும் நடுங்குதா?"

"சூடா இருக்கு சார்."

இதை வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்? அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்த ஆள் தொழிற்சாலையில் இன்னும் ஒருத்தர்தான், பெயிண்டர். அன்றைக்கு எட்டு போட்ட சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவர். கட்டை அவிழ்த்துப் பார்த்து, முடியாமல், பிளேடு வைத்து அறுத்தவர். விசாரணையில் அவரை ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "பட்டன்ல ட்யூப் இருந்துச்சா?" "இருந்துச்சு" என்றார். முடிச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அவர் கேம் கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன். சாப்பிட்டதும் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே துண்டை விரித்துப் படுத்துவிடுவார்.

ஃபோர்மேன் தினமும் கட்ட மாட்டான். ஆட்டம் நீண்டு போனால்தான் கட்டுவான். அவன் ஆட்டம் நீள வேண்டுமென்றால் அவனை ஒருத்தன் துரத்த வேண்டும். துரத்துவது யார் என்று எட்டு அங்கேயே முடிவு கட்டிவிட்டான்.

எட்டின் ஷிப்ட் நாலு மணிக்கு முடியும், ஃபோர்மேனுக்கு ஆறு. அந்த இரண்டு மணி நேரம் கேம் கடையில் கிடந்தான். வலது லிவரைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில், உள்ளங்கைப் பள்ளத்தில் வைத்துத் தள்ளினான். தழும்பு வெடித்து ரத்தம் கசிந்தது. அக்கா பழைய துணி கிழித்துக் கொடுத்தாள்.

"வேண்டுதலாடா இது? கை இருக்குற நிலைமைக்கு இந்த மெஷின்தான் கிடைச்சுதா?"

"இந்த மெஷின்தான் அக்கா வேணும். வேற எதுவும் வேண்டாம்."

"யார் மேலயோ கோபம்."

"கோபமெல்லாம் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. இப்ப வேற."

அப்புறம்தான் ஒன்று பிடிபட்டது. அவன் கை பிரஸ் கை இல்லை, இப்போது இல்லை. ஐந்து வருஷமாக இடது கை வண்டியைத் தள்ளுகிறது, வலது கை காந்தக் கட்டையை வீசித் தரையில் கிடக்கிற துண்டு இரும்பைப் பொறுக்குகிறது. ஒன்று ஒரு பக்கம், இன்னொன்று மறுபக்கம். புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டு ஒரே வீட்டில் தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதைப் போல, இரண்டு கையும் என்றைக்கோ பிரிந்துவிட்டன. பிரித்து வைத்தவன் ஃபோர்மேன். இதை நினைத்தபோது எட்டு வாய்விட்டுச் சிரித்தான். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

மூன்று மாதம் கழித்துப் பட்டியலில் பத்தாவது வரி விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் மூன்று எழுத்து போடச் சொல்லும். ஓடுகிற லிவரால் எழுத்தை மாற்றி, சுடுகிற லிவரால் முடிக்க வேண்டும். எட்டு அவசரத்தில் சுடுகிற லிவரையே மூன்று தடவை தள்ளிவிட்டான். எழுத்து மாறாமல் 'ஏ ஏ ஏ' என்று விழுந்துவிட்டது. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். அதுவே நல்லதாகப் போயிற்று.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஃபோர்மேன் திரையைப் பார்த்து அப்படியே நின்றான்.

"அக்கா, யாரு இந்த மூணு ஏ?"

"எனக்கென்ன தெரியும்? நூறு பேர் வர்றான், நூறு பேர் போறான்."

"பத்தாவதுதானே, போகட்டும்" என்றான். அடுத்த வாரம் ஒன்பதாவது போயிற்று. அப்புறம் எட்டாவது, ஏழாவது, ஆறாவது, ஐந்தாவது. தொழிற்சாலை முழுக்க இதே பேச்சு. "மூணு ஏ பக்கத்துப் பட்டறை ஆளாம்." "இல்லப்பா, பேங்க்ல வேலை பார்க்குறவனாம், கண்ணாடி போட்டிருப்பானாம்." ஃபோர்மேனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சைரன் ஊதிய பிறகும் விளையாடினான். ஒரு நாள் அளவு பார்க்காமல் ஒரு வண்டி கீலை அனுப்பிவிட்டு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். எட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு அவன் பக்கமாகவே நாலு தடவை போனான். அந்த முகத்தைப் பார்ப்பதற்கென்றே போனான்.

நாலு வரிதான் பாக்கி என்ற நிலையில் எட்டுக்கு அது சலித்துப் போயிற்று. அடிக்கிறவன் யார் என்று தெரியாமல் அடி வாங்குகிறவனுக்கு அது அடியே இல்லை. அவன் பெயிண்டரிடம் போனான்.

"அண்ணே, சனிக்கிழமை அரை நாள்தானே. கேம் கடைக்கு வாங்க."

"அந்தச் சத்தம் எனக்கு ஆகாதுடா. மண்டைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும்."

"ஃபோர்மேன் விளையாடுவார். அவர் வலது கையை மட்டும் பாருங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"அதுல என்ன இருக்கு?"

"நான் சொன்னா நான் சொன்னதாப் போயிடும். நீங்களே பாருங்க."

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் எட்டு டீ கிளாஸைக் கொண்டுபோய் மெஷின் மேல் வைத்தான். "சார், மூணு ஏ நான்தான்."

ஃபோர்மேன் சிரித்த சிரிப்பில் புரை ஏறியது. சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். "நீயா? பிடிக்கவே விரல் இல்லையேடா!"

"சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் ஆடுவோம். தோத்தா நானே வேலையை விட்டுப் போயிடுறேன். நீங்க தோத்தா, நான் கேக்குற ஒரே ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லணும்."

"என்ன கேள்வி?"

"தோத்தாதானே. நீங்கதான் தோக்க மாட்டீங்களே."

இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் வேறு என்ன சொல்ல முடியும்? "சரிடா" என்றான்.

வீட்டில் பொண்டாட்டிக்கு விஷயம் தெரிந்ததும் அவள் சண்டைக்கு வரவில்லை. "தோத்துட்டு வந்தா வீட்டு வாசல்ல ஏறாதீங்க" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் வலது கையில் எண்ணெய் தடவி நீவிவிட்டாள். ஐந்து வருஷத்தில் அந்தக் கையை அவள் தானாகத் தொட்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை கேம் கடையில் மூச்சுவிட இடம் இல்லை. அந்த வாரம் சேர்ந்த புது ஆட்கள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். பெயிண்டர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வலது பக்கம் ஒட்டி நின்றார்.

எட்டுதான் முதலில் ஆடினான். அவசரமே படவில்லை. ஓடுகிற கை பயந்த ஆளைப் போல ஓடியது, சுடுகிற கை கொலைகாரனைப் போலச் சுட்டது. முடிந்தபோது பட்டியலில் இரண்டாவது வரி. முதல் வரிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

ஃபோர்மேன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தான். அவனும் சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் ஆடினான். ஆனால் இத்தனை பேர் முன்னால், இவ்வளவு வேகத்தில் அவன் ஆடினதில்லை. எட்டின் எண்ணிக்கையை நெருங்கும்போது வலது கை விறைத்தது. உதறினான். மறுபடி விறைத்தது. கூட்டத்தை மறந்து, பழக்க தோஷத்தில், கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. சிவப்பு ட்யூப் வெளியே வந்தது. இரண்டு சுற்று, ஸ்குரூவில் மாட்டல், அரைத் திருகு, வாலை இடது பக்கம் சொருகல்.

பெயிண்டர் காதுப் பஞ்சை எடுத்தார்.

"இந்த முடிச்சைத்தான் நான் பிளேடு போட்டு அறுத்தேன்."

அவர் சத்தமாகப் பேசுகிற ஆள் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. ஃபோர்மேனுக்கும் கேட்டது. வெடுக்கென்று கை ட்யூப்புக்குப் போனது. இழுத்தான், வரவில்லை. அது இழுக்க இழுக்க இறுகுகிற கட்டு. திரையில் அவன் ஆள் வலது பக்கமே சுட்டுக்கொண்டு நிற்க, மேலே இருந்தும் கீழே இருந்தும் கூட்டம் வந்து அமுக்கியது. எட்டின் எண்ணிக்கைக்குக் கொஞ்சம் கீழேயே ஆட்டம் முடிந்தது.

"அன்னிக்கும் இப்படித்தான் அவிழல" என்றார் பெயிண்டர். "அவிழ்ந்திருந்தா அவன் கையைச் சீக்கிரம் எடுத்திருப்பேன்."

"ஊர்ல ட்யூப்ல கட்டுறவன் நான் ஒருத்தன்தானா?" ஃபோர்மேன் குரல் உயர்ந்தது.

"கட்டுறவன் ஆயிரம் பேர் இருப்பான். வாலை இந்தப் பக்கம் சொருகுறவன் நீ ஒருத்தன்தான்யா. உன் சாப்பாட்டு டப்பாவைப் பாரு."

டப்பா மெஷின் மேலேயே இருந்தது. சிவப்பு ட்யூப், அரைத் திருகு. யாரோ ஒருத்தன் பின்னாலிருந்து, "போன வாரம் மூணாம் நம்பர்லயும் கட்டினீங்களே சார்" என்றான். இன்னொருத்தன், "என்கிட்டயும் ஒரு நாள் கட்டச் சொன்னாரு" என்றான். ஒருத்தன் வாயைத் திறந்தால் போதும் என்று எல்லோரும் காத்திருந்த மாதிரி இருந்தது.

எட்டு ஃபோர்மேன் முன்னால் போய் நின்றான். "என் கேள்வி. ஏழாம் நம்பர் பட்டனைக் கட்டினது யாரு?"

ஃபோர்மேன் சுற்றிலும் பார்த்தான். சிரிப்பதற்கு ஒரு முகம்கூடக் கிடைக்கவில்லை.

"...நான்தான்."

"காது கேக்கல சார். இந்தப் புது ஆளுங்களுக்கும் கேக்கணும்."

"நான்தான்டா கட்டினேன்! போதுமா?"

"போதாது. திங்கக்கிழமை காலைல பிரஸ் பக்கத்துல நின்னு, மேனேஜர் முன்னாடி சொல்லணும். இங்க சொன்னது காத்தோட போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபோர்மேன் எட்டின் வீட்டுக்கே வந்துவிட்டான். கூடவே அவன் மனைவி. எட்டு வாசலுக்கு நேராக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கதவைத் திறந்த பொண்டாட்டி, நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அவர் தூங்குறார்" என்றாள்.

அவள் தோளுக்கு மேலே எட்டின் தலை தெரிந்தது. ஃபோர்மேன் எட்டிப் பார்த்தான். எட்டு நிமிர்ந்து பார்த்தான், ஒரு வாய் சாப்பிட்டான்.

"அம்மா, ஒரு வார்த்தை. மேனேஜர் காதுக்குப் போனா என் வேலை போயிடும். எனக்கும் குடும்பம் இருக்கு."

"எங்களுக்கும் இருந்துச்சு. நீங்க பேர் வைக்கும்போது அது ஞாபகம் வரல போல."

ஃபோர்மேனின் மனைவி அழ ஆரம்பித்தாள். அதற்கு மட்டும் எட்டு எழுந்து வந்தான். கை கழுவாமலேயே வந்தான்.

"நீங்க அழாதீங்கம்மா, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல." பிறகு ஃபோர்மேன் பக்கம் திரும்பினான். "உங்களை நான் மன்னிக்க மாட்டேன் சார். காலைல எட்டு மணிக்கு. நீங்க சொல்லலைன்னா பெயிண்டர் அண்ணன் சொல்லுவார், இன்னும் பதினாலு பேர் சொல்லுவாங்க. நீங்களே சொன்னா கௌரவமா இருக்கும்."

திங்கட்கிழமை ஃபோர்மேன் சொன்னான். மேனேஜர், பெயிண்டர், புது ஆட்கள், வாசல் காவலாளி எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். குரல் பாதியில் உடைந்தது. சிலருக்குப் பாவமாக இருந்தது. எட்டுக்கு இல்லை. அவன் கடைசி வார்த்தை வரைக்கும் நின்று கேட்டான். பத்து நாளில் பழைய காகிதத்தை எடுத்துவிட்டுப் புதுக் காகிதம் எழுதினார்கள், ஃபோர்மேனை வீட்டுக்கு அனுப்பினார்கள். புதுக் காகிதத்தில் எட்டின் சொந்தப் பெயர் முழுசாக இருந்தது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவனிடம் பொண்டாட்டி கேட்டாள். "மனசு ஆறிச்சா?"

அவன் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"இல்ல. ஆனா நல்லாப் பசிக்குது. சாப்பாடு போடு."